பகுதி சபைக் கூட்டத்தில் போலீஸ், குப்பை, ரோடு: எதை யாரிடம் கேட்பது?

கொருக்குப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த வாரம் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருமுனையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் குடித்துவிட்டுச் சண்டை. அதே முனையில் குப்பை மேடு. பைப் போடத் தோண்டிய ரோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மூன்றையும் அங்கே கேட்கலாமா? போலீஸ் வருவார்களா? கேட்டால் ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் கண்துடைப்பா?"

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கூட்டத்துக்கு என்ன அதிகாரம், அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? போகலாம், போங்கள். ஆனால் மூன்று பிரச்சினையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம்தான். இப்போது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருக்கிறேன். ரோடு, தெருவிளக்கு, வடிகால் பற்றி உறுதியாகப் பேச முடியும். குப்பை விஷயம் ஓரளவு தெரியும். காவல் துறையைப் பொறுத்தவரை நான் வெளியாள், பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கூட்டத்தைப் பற்றி. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருந்த அத்தனை ஆண்டுகளும் நமக்கு அப்படி எதுவும் இல்லை. அதைவிடக் கொடுமை, 2016 அக்டோபரில் இருந்து 2022 தேர்தல் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே கிடையாது, அதிகாரிகள் மட்டும்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவர்கள் முகத்தில் இருந்த களைப்பை நான் மறக்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

2022 விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. இவர்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, நியமிக்கப்பட்டவர்கள். கவுன்சிலர் தலைமையில் இவர்கள் சேர்ந்ததுதான் வார்டு குழு. நீங்கள் வாடகைக்கு இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் ஓட்டு இன்னும் பழைய முகவரியில் இருந்தால் நீங்கள் சட்டப்படி அந்தச் சபையின் உறுப்பினர் ஆக மாட்டீர்கள். அதற்காக யாரும் வாசலில் நிறுத்திப் பட்டியலைப் பார்ப்பதை நான் கண்டதில்லை. இருந்தாலும் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, அதே தெருவில் ஓட்டு உள்ள இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரி மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தச் சபையால் என்ன முடியும்? குறையைப் பதிவு செய்யலாம், எந்த வேலை முதலில் வேண்டும் என்று சொல்லலாம். பணம் ஒதுக்க முடியாது, டெண்டர் விட முடியாது. இங்கே பேசியது வார்டு குழுவுக்குப் போய், அங்கிருந்து மண்டலத்துக்குப் போகும். பெரிய வேலையாக இருந்தால் ரிப்பன் மாளிகையில் நடக்கும் மாநகராட்சி மன்றக் கூட்டம் வரை போக வேண்டும். ஆகவே கூட்டத்தின் பலம் அங்கே எழுதப்படும் குறிப்பில்தான் இருக்கிறது. கைதட்டல் வாங்கிய பேச்சு மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறிய ஒரு வரிக்கு யாராவது ஒரு அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டும். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ரோடு. வடசென்னையில் ஒரு ரோடு யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தெருவுக்குள் இருக்கும் உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பஸ் போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே பேருந்து தடச் சாலைகள் என்று தனித் துறை உண்டு. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். எண்ணூர் விரைவுச் சாலை போன்றவை துறைமுக இணைப்புக்காகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கைவைத்தவை. ரயில்வே நிலத்தில் போகும் வழி என்றால் ரயில்வே. வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளுக்குள் இருக்கும் பாதை என்றால் வாரியம். மாதவரத்தில் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடங்களில் தடுப்புக்குள் இருக்கும் சாலையை வேலை முடியும் வரை மெட்ரோ நிறுவனம்தான் பார்க்க வேண்டும். கவுன்சிலரிடம் போய் "எங்க ரோட்டைப் போடுங்க" என்றால் அவர் நல்லவராகவே இருந்தாலும், ரோடு அவர் மண்டலத்துக்கு உட்பட்டதாக இல்லாவிட்டால் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது.

உங்களுடையது உட்புறத் தெரு, பைப் போடத் தோண்டியது என்கிறீர்கள். குடிநீரோ கழிவுநீரோ, தோண்டியது மெட்ரோ வாட்டராக இருக்கும். அது மாநகராட்சி இல்லை, தனி வாரியம். தோண்டுவதற்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, ரோட்டைச் சீரமைப்பதற்கான தொகையையும் கட்டிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். பைப் போட்டு, சோதித்து, வீட்டு இணைப்புகளைக் கொடுத்து, பள்ளத்தை நிரப்பிய பிறகு ரோட்டை மாநகராட்சியிடம் திரும்ப ஒப்படைப்பார்கள். அதன் பிறகே மாநகராட்சி தார் போடும். பெரும்பாலான தெருக்கள் இந்த ஒப்படைப்பில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்கு வீட்டுக்கு இணைப்பு பாக்கி இருக்கும், வாரியம் ஒப்படைக்காது. இல்லையென்றால் ஒப்படைத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வார்கள், தாள் வரவில்லை என்று இவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை, ஆனால் நடுவில் உங்கள் தெரு கிடக்கிறது. கூட்டத்தில் "ரோடு எப்போது போடுவீர்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தத் தெருவில் ரோடு வெட்டிய அனுமதி எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, ஒப்படைக்கப்பட்டுவிட்டதா, இல்லையென்றால் என்ன வேலை பாக்கி?" என்று கேளுங்கள். உதவிப் பொறியாளர் அங்கேயே இருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் தேடிச் சொல்கிறேன் என்பதையாவது குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் பொறியாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தோண்டிய பள்ளத்தை மூடிய உடனே தார் போட்டால் அடுத்த மழையில் அந்தக் கோடு மட்டும் உள்வாங்கும். அடுக்கடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கினால் மண் சீக்கிரம் உட்காரும். அவசரத்தில் மேலே மேலே கொட்டி மூடியிருந்தால் உட்கார நாளாகும். கடலோரத்தில் மணல், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் களிமண், அதனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. சில வாரம் காத்திருப்பது சரி. மாதக்கணக்கில் காத்திருப்பது சரியில்லை. அதற்குள் ஜல்லித் தூள் போட்டு மட்டப்படுத்தவும், திறந்த குழி இருந்தால் தடுப்பு வைக்கவும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் புதிதாக ரோடு வெட்டத் தடை போடுவார்கள், தார் வேலையும் நின்றுவிடும். ஆகவே செப்டம்பரில் நடக்கும் கூட்டத்தில் தற்காலிகச் சீரமைப்பைக் கேளுங்கள். புது ரோடு கேட்க வேண்டிய நேரம் ஜனவரிக் கூட்டம். மாநகராட்சி பட்ஜெட் அதற்குப் பின்னால்தான் வரும், அந்த நேரத்தில் பட்டியலில் ஏறினால்தான் பணம் கிடைக்கும்.

ரோடு போடும்போது மறக்காமல் கேட்க வேண்டியது மில்லிங். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்தில் புது அடுக்கைப் போடுவது. இதைச் செய்யாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனதால்தான் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தெருக்களில் பல வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. முன்பு அந்த வீடுகளுக்குப் படி ஏறிப் போவார்கள். மழை வந்தால் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் நுழைகிறது. சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பது அரசே சொன்ன உத்தரவுதான். ஆனால் குறுகிய சந்தில் இயந்திரம் நுழையாது என்று சாக்குச் சொல்வார்கள். சிறிய இயந்திரமும் இருக்கிறது, ஆள் வைத்துக் கொத்தியும் எடுக்கலாம். அவர்கள் சுரண்டாமல் வண்டியைக் கொண்டு வந்தால், பெண்கள் நான்கு பேர் தெருவில் நின்று கேட்டாலே போதும். நான் வேலையில் இருந்தபோது அப்படி நின்றவர்களை மனதாரப் பாராட்டியிருக்கிறேன்.

குப்பைக்கு வருகிறேன். முனையில் குப்பை சேர்கிறது என்றால் முதலில் "பெரிய தொட்டி வையுங்கள்" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். என் கருத்தில் அது தவறான கோரிக்கை. தொட்டி வந்தால் நான்கு தெருக் குப்பையும் உங்கள் முனைக்கு வரும். அதற்குப் பதிலாக, ஏன் அங்கே போடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் காரணம் நேரம்தான். வீட்டுக்கு வண்டி வரும் வேளையில் பெண்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள், துறைமுகத்திலும் கம்பெனியிலும் ஷிப்டு பார்ப்பவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பையைக் கட்டி முனையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு காரணம் கட்டட இடிபாடு. யாரோ ஒருவர் இரவோடு இரவாக நான்கு மூட்டை செங்கல் தூளைக் கொட்டுவார். அது அகற்றப்படாதவரை அந்த இடம் குப்பை போடும் இடம் என்று ஊரே முடிவு செய்துவிடும். கேட்க வேண்டியவை இரண்டு: வண்டி வரும் நேரத்தை மாற்றுவது அல்லது மாலையில் இன்னொரு நடை, அப்புறம் இடிபாட்டைத் தனியாக அள்ளுவது. வீட்டுக் குப்பை எடுப்பவர்கள் இடிபாட்டை எடுக்க மாட்டார்கள், அதற்கு வேறு வண்டி வர வேண்டும்.

குப்பை எடுப்பது உங்கள் மண்டலத்தில் மாநகராட்சியா தனியார் நிறுவனமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். தனியாரிடம் இருந்தாலும் ஒப்பந்தப்படி வேலை நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மாநகராட்சிக்கு உண்டு. கூட்டத்தில் அந்தத் தெருவுக்கு வரும் அம்மாவைக் கைகாட்டிக் குறை சொல்லிவிடாதீர்கள். அவருக்கு எத்தனை தெரு, வண்டி ஓடுகிறதா, கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி பழுதானதால் குப்பை தேங்கிய இடங்கள் ஏராளம். தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. பிரிக்காமல் கொடுப்பது கடைசியில் போய்ச் சேருவது கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலைக்கு அங்கே 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. அந்த மேட்டின் புகையைச் சுவாசிப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

இனி போலீஸ். காவல் துறை மாநில அரசின் கீழ் வருவது, மாநகராட்சிக்கு அதன் மேல் எந்த அதிகாரமும் இல்லை. பகுதி சபை இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட முடியாது. கவுன்சிலர் அழைத்தால் சில இடங்களில் ஸ்டேஷனில் இருந்து யாராவது வருவார்கள், பல இடங்களில் வர மாட்டார்கள். உங்கள் கூட்டத்துக்கு வருவார்களா என்பது அங்கே இருப்பவர்களுக்குள் உள்ள உறவைப் பொறுத்தது. முன்கூட்டியே பகுதிப் பிரதிநிதியிடம் எழுத்தில் "காவல் நிலையத்துக்கும் அழைப்பு அனுப்புங்கள்" என்று கொடுத்துப் பாருங்கள். எந்த ஸ்டேஷன் என்பதிலும் குழப்பம் உண்டு. 2022 ஜனவரி 1-ல் சென்னைக் காவல் மூன்றாகப் பிரிந்தபோது எண்ணூரும் மணலியும் ஆவடி ஆணையரகத்துக்குப் போயின. அங்கே இருப்பவர்களுக்குக் குப்பைக்குச் சென்னை மாநகராட்சி, போலீசுக்கு ஆவடி. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் போக்குவரத்துப் போலீஸ் தனி, சட்டம் ஒழுங்கு தனி. ரோட்டை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிக்கும் ராத்திரிச் சண்டைக்கும் ஒரே அதிகாரி பொறுப்பில்லை.

ஆனால் நீங்கள் போலீஸ் பிரச்சினை என்று சொல்வதில் பாதி மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அந்த முனையில் தெருவிளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அது மாநகராட்சியின் வேலை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு 1913-ல் சொல்லி, புகார் எண் வாங்கி வையுங்கள். ஓட்டாமல் கிடக்கும் பழைய கார், ஆட்டோ இருக்கிறதா? அதற்குப் பின்னால்தான் பெரும்பாலும் உட்காருவார்கள். அதை அகற்றக் கேட்கலாம். பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறை, கதவில்லாத பாழடைந்த கட்டடம், பராமரிக்காத பூங்கா, எல்லாம் சபையில் கேட்கத் தக்கவை. கேமரா கேட்பதென்றால், வைத்த பிறகு யார் பராமரிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "மூன்றாவது கண்" என்று ஊர் முழுக்க ஆர்வமாக வைத்த கேமராக்களில் பல பிறகு ஒயர் அறுந்து தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். டாஸ்மாக் கடைதான் காரணம் என்றால் அதைச் சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யலாம், முடிவெடுப்பது மாவட்ட ஆட்சியர். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளி, கோயில் போன்றவற்றில் இருந்து 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. அளந்து பார்த்துவிட்டு மனுக் கொடுங்கள்.

இதில் ஒன்றை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லாதீர்கள். உங்கள் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. வடசென்னைப் பையன் என்றாலே ரவுடி என்று முத்திரை குத்தும் பழக்கம் இந்த நகரத்தில் நெடுநாளாக இருக்கிறது. பொதுக் கூட்டத்தில் ஒரு பெயர் அடிபட்டால் அந்தப் பையன் வேலைக்குப் போகும்போதும், பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அது பின்தொடரும். இடம், நேரம், நடப்பது என்ன என்று மட்டும் சொல்லி ரோந்து கேளுங்கள். குறிப்பிட்ட ஒருவரால் ஆபத்து என்றால் ஸ்டேஷனில் தனியாக எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு எண் போட்டுத் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். சண்டை நடக்கும் அந்த நேரத்தில் 100 அல்லது 112. சிலர் ஊர் இளைஞர்களையே காவலுக்கு நிறுத்தலாம் என்பார்கள். போலீசுக்கு உதவ என்று இருந்த காவல் நண்பர்கள் அமைப்பையே சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020-ல் அரசு தடை செய்தது. அந்தப் பாதை வேண்டாம். காவல் துறை நடத்தும் சிறார் மன்றங்கள் நம் பக்கத்தில் பல இடங்களில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை உங்கள் தெருவுக்கு அருகில் கேட்பது பயனுள்ள கோரிக்கை.

கண்துடைப்பா என்ற சந்தேகத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. வார்டுக்கு வார்டு மாறுகிறது. கட்சிக்காரர்கள் நாற்காலியை நிரப்பி, போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்த கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன், கவுன்சிலர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மதியம் வரை எழுதிய கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ரோட்டுக்கு ஒரு கடிதம், குப்பைக்கு ஒரு கடிதம், விளக்குக்கும் ரோந்துக்கும் ஒரு கடிதம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே தாளில் எழுதினால் அது முதல் மேசையிலேயே நின்றுவிடும். தெருப்பெயர், எந்த வீட்டு எண் முதல் எந்த எண் வரை, கம்ப எண், 1913 புகார் எண், போட்டோ. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. உங்கள் வரி குறிப்பில் ஏறிவிட்டதா என்று கூட்டம் கலையும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து உங்கள் வார்டின் யூனிட் அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைக் காலையில் போய்ப் பாருங்கள், பத்து மணிக்கு மேல் அவர் தெருவில் இருப்பார். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பின் நகலையும், உங்கள் கோரிக்கை மீது எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் கடிதத்தில் விளக்கு எரியாத கம்பத்தின் எண்ணையும், மண்டல அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஸ்டேஷனில் வாங்கிய சிஎஸ்ஆர் எண்ணையும் எழுதுங்கள். இரண்டு அலுவலகத்திலும் "அது அவங்க வேலை" என்ற பதில் வராமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.